பாரிசவாதம் வந்தவருக்கு இன்ஷூரன்ஸ் தர்றதுக்கு மேலயும் தெரபி கிடைக்க என்ன வழி: மலையகத்துல அடிக்கடி கேக்குற கேள்விகள்

வீட்ல ஒருத்தருக்கு ஸ்ட்ரோக் வந்து, ஆஸ்பத்திரில டிக்கட் வெட்டி (டிஸ்சார்ஜ் பண்ணி) அனுப்பின பிறகுதான் உண்மையான தலையிடி ஆரம்பிக்குது. எங்க அம்மாவுக்கு வந்ததுல இருந்து ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் தெரிஞ்சவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு ஆள் ஆளா ஃபோன்ல கேக்குறாங்க, கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால ஒரே இடத்துல எழுதிப் போட்டுட்டேன். நான் டொக்டர் இல்ல, பாத்துக்கிட்ட ஆள். மருந்து விஷயமும் புது எக்சசைஸ் தொடங்குறதும் உங்க டொக்டர்கிட்ட கேட்டுட்டுதான்.

இன்ஷூரன்ஸ்ல பத்து தடவைதான் ஃபிசியோவுக்கு காசு தருவாங்களாம். பத்து போதுமா?

போதாது. அதுல சந்தேகமே வேணாம். இங்கிலாந்துல நைஸ்னு ஒரு அமைப்பு டொக்டர்மாருக்கு வழிகாட்டி எழுதுது, அவங்க 2023ல சொன்னது என்னன்னா, தாங்கக்கூடிய ஆளா இருந்தா ஒரு நாளைக்கு 3 மணி நேரமாவது, கிழமைக்கு 5 நாளாவது தெரபி வேணும், ஃபிசியோ, கை வேலைக்கான ஒக்கியுபேஷனல் தெரபி, பேச்சு எல்லாம் சேத்து. முன்னாடி அவங்களே ஒவ்வொரு தெரபிக்கும் 45 நிமிஷம்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. நம்ம ஊர்ல கிழமைக்கு ஒரு நாள் கிளினிக் போய் லைன்ல நிண்டு இருபது நிமிஷம் செஞ்சுட்டு வர்றதை இதோட வச்சுப் பாத்தா பகீர்னு இருக்கும்.

ஆனா ஒண்ணு கவனிங்க, பத்து தடவைங்கிறது கம்பெனி எத்தனை தடவைக்கு காசு கட்டும்ங்கிற கணக்கு, கைகாலுக்கு எவ்வளவு வேணும்ங்கிற கணக்கு இல்ல. கைகாலுக்கு வேண்டியது எண்ணிக்கை, ஒரே அசைவை திரும்பத் திரும்ப செய்றது. 2009ல வட அமெரிக்காவுல தெரபி நடக்குற இடங்கள்ல போய் உக்காந்து எண்ணிப் பாத்திருக்காங்க, கைக்குன்னு செய்ற உருப்படியான பயிற்சி ஒரு செஷன்ல சராசரியா 32 தடவைதான் நடந்திருக்கு. ஆராய்ச்சிக்கூடத்துல மிருகங்கள வச்சு செஞ்சப்ப மூளை மாற நூத்துக்கணக்குல தேவைப்பட்டுச்சு. அவ்வளவு வசதியான நாட்லயே செஷனுக்குள்ள எண்ணிக்கை வரல. அப்போ மிச்சம் எங்க வரணும்? வீட்லதான்.

அப்போ அந்த பத்து தடவையை எப்படி பாவிக்கிறது?

மின்சாரம் வைக்கிறது, லைட் பிடிக்கிறது, படுக்க வச்சு காலை தூக்கித் தூக்கி இறக்குறது, இதுக்கெல்லாம் காசு கட்டுற செஷனை செலவழிச்சுறாதீங்க. வழக்கமான ஃபிசியோ அரசாங்க ஆஸ்பத்திரில இலவசமா கிடைக்குது, அதை அங்க எடுங்க. காசு கட்டிப் போற இடத்துல வாங்க வேண்டியது திட்டம். ஒவ்வொரு தடவையும் வெளிய வரும்போது நாலு விஷயம் கைல இருக்கணும்: எந்த அசைவு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எப்படி இருந்தா நிறுத்தணும், லேசாயிட்டா அடுத்தது என்ன. ஃபிசியோ மிஸ்கிட்ட கேட்டுட்டு ஃபோன்ல வீடியோ எடுத்துக்கோங்க, ஏன்னா வீட்டுக்கு வந்த பிறகு "கையை இப்படி திருப்ப சொன்னாங்களா அப்படி திருப்ப சொன்னாங்களா"ன்னு அண்ணனும் தங்கச்சியும் சண்டை போடுற வீடு நிறைய.

முதல் மூணு மாசம்தான் மாற்றம் வேகமா வர்ற காலம், அதனால பெரும்பாலானதை அதுக்குள்ள எடுங்க, ஆனா ரெண்டு மூணை நாலாம் மாசம், ஆறாம் மாசம் திரும்பக் காட்டுறதுக்கு மிச்சம் வைங்க. பேச்சுத் தெரபியும் ஃபிசியோவும் ஒரே பத்துக்குள்ள அடங்குதா தனித்தனியான்னு முதல் நாளே கேட்டுக்கோங்க, இதுல மாட்டிக்கிட்டவங்க நிறைய பேர்.

பாலிசி பேப்பர்ல எதைப் பாக்கணும்?

முதல்ல பாலிசி புத்தகத்தையே தேடி எடுங்க, ஏஜென்ட் வாயால சொன்னது கணக்குல வராது. நிறைய பாலிசி ஆஸ்பத்திரில படுத்து எடுக்குற வைத்தியத்துக்குத்தான், வெளிநோயாளர் செலவுக்கு தனியா சின்ன ஒரு தொகை வச்சிருப்பாங்க, ஃபிசியோ அந்தச் சின்னதுக்குள்ள போய் மாட்டிக்கும். அதே தெரபியை அட்மிட் ஆகி எடுத்தா பெரிய தொகைல வருமான்னு எழுத்துல கேளுங்க. டிக்கட் வெட்டின பிறகு இத்தனை நாள் வரைக்கும் வர்ற செலவையும் தருவோம்னு சில பாலிசில ஒரு வரி இருக்கும், அதையும் பாருங்க.

அடுத்தது நம்ம ஆக்கள் தவற விடுற விஷயம். லைஃப் பாலிசியோட சேத்து எடுத்த 'கிரிட்டிக்கல் இல்னஸ்' இருந்தா ஸ்ட்ரோக் அனேகமா அதுல வரும், ஒரே தடவையா மொத்தமா காசு தருவாங்க, அதை தெரபிக்கு செலவழிக்கிறதா வேற எதுக்குமான்னு யாரும் கேக்கப் போறதில்ல. ஆனா பாதிப்பு குறிச்ச காலத்துக்கு பிறகும் நிலைச்சிருக்குன்னு ஸ்பெஷலிஸ்ட் எழுதின ரிப்போட் கேப்பாங்க, அதனால கிளினிக்கை விட்றாதீங்க. 'ஹொஸ்பிட்டல் கேஷ்'னு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு தர்றது சில பாலிசில அரசாங்க ஆஸ்பத்திரில இருந்தாலும் உண்டு. நிரந்தர இயலாமை வந்தா இனி பிரீமியம் கட்டத் தேவையில்லன்னு ஒரு சலுகையும் சிலதுல இருக்கும். எல்லாத்துக்கும் அறிவிக்கிறதுக்கு கெடு நாள் இருக்கும், அதைத் தாண்டினா கதை முடிஞ்சு.

பாலிசி எடுக்கும்போது பிரஷர், சுகர் இருந்ததை மறைச்சிருந்தா பிரச்சினைதான். புதுசா எடுக்கப் போறவங்க தயவுசெஞ்சு உள்ளதை எழுதுங்க, ஏஜென்ட் "அதெல்லாம் போட வேணாம்"னு சொன்னாலும் எழுதுங்க.

நான் டீச்சர், அக்ரஹார (அரசாங்க ஊழியருக்கான இன்ஷூரன்ஸ்) இருக்கு.

சம்பளத்துல மாசா மாசம் வெட்டுறாங்கதானே, அப்போ கேட்டு வாங்குங்க. அதை நடத்துறது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். நீங்க எந்தத் திட்டத்துல இருக்கீங்கன்னு சம்பளத் துண்டைப் பாத்து, வேலை செய்ற இடத்துலயே ஃபோம் வாங்கிக்கலாம். அம்மா அப்பாவுக்கு வருமா வராதான்னு ஆஸ்பத்திரில காசு கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க.

தோட்டத்துல வேலை செய்றவங்க நாங்க, இன்ஷூரன்ஸ்னு ஒண்ணும் இல்லையே?

ஒண்ணுமே இல்லன்னு நினைக்க வேணாம். ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதியம்) மாசா மாசம் கட்டுப்படுற ஆளுக்கு நிரந்தர முழு இயலாமை வந்தா அதுக்கு ஒரு நன்மைத் தொகை இருக்கு, நிறைய பேர் ஈடிஎஃப்னா பென்ஷன் போகும்போது எடுக்குற காசுன்னு மட்டும்தான் நினைச்சிட்டு இருக்காங்க. இனி வேலை செய்யவே முடியாதுன்னு டொக்டர் எழுதிக் குடுத்தா ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதியம்) காசையும் வயசு வர்றதுக்கு முன்னாடி எடுக்கலாம். ஆனா இதுல அவசரப்படாதீங்க, அம்பது வயசுக்காரருக்கு மூணாம் மாசமே "நிரந்தரமா முடியாது"ன்னு எழுதி வாங்கிட்டு ஏழாம் மாசம் ஆள் எழும்பி நடந்தா லைட் வேலைக்காவது போற வழியும் போயிரும். வைத்தியத்துக்குன்னு 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்குற ஏற்பாடும் ஈபிஎஃப்ல இருக்கு, அதுக்கு நிபந்தனை உண்டு, பக்கத்து லேபர் ஒஃபிஸ்ல நம்பரைக் குடுத்து கேளுங்க.

பிரதேச செயலகத்துல சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்க, மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு, வீல்சேர், வோக்கர், கொமோட் கதிரை மாதிரி உதவிகளுக்கு அங்கதான் வழி. கிராம சேவகர் கடிதம், ஐடி கொப்பி, டயக்னோசிஸ் கார்டு மூணும் கைல இல்லாம போனா திரும்ப ஒரு நாள் பேர் (சம்பளம்) போயிரும்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது? கிழமைக்கு ஒரு தடவை நுவரெலியா போய் வர்றதே பெரிய பாடா இருக்கு.

இதுதான் என்னைப் பொறுத்தவரை மலையகத்துல பெரிய கேள்வி. இன்ஷூரன்ஸ் கட்டுப்பாட்டை விட ரோட்டுதான் நமக்குக் கட்டுப்பாடு. தோட்டத்து டிவிஷன்ல இருந்து மெயின் ரோட்டுக்கு த்ரீவீல், அங்க இருந்து பஸ், ஆளைத் தூக்கி ஏத்த ரெண்டு பேர், போறவங்க ரெண்டு பேருக்கும் அன்னைக்கு சம்பளம் இல்ல. இலவச தெரபிக்கு செலவு இப்படித்தான் வருது. நாலு கிழமை போவாங்க, அஞ்சாவது கிழமை மழை, ஆறாவது கிழமை கையில காசு இல்ல, அதோட விட்டுருவாங்க.

அதனால நான் எல்லாருக்கும் சொல்றது, டிக்கட் வெட்ட முன்னாடியே வார்ட் டொக்டர்கிட்ட கேளுங்க: "ரிஹபிலிட்டேஷன் ஆஸ்பத்திரிக்கு மாத்த முடியுமா சேர்?" கண்டிக்குப் பக்கத்துல திகனவுல புனர்வாழ்வு ஆஸ்பத்திரி இருக்கு, கொழும்புப் பக்கம் ராகமவுல பெருசா ஒண்ணு இருக்கு. ரெண்டும் அரசாங்கம், காசு இல்ல. அங்க தங்கி இருந்து தினமும் தெரபி எடுத்தா, மூணு நாலு கிழமைல கிடைக்குறது இங்க கிழமைக்கு ஒரு நாள் போய் பல மாசம் எடுத்தாலும் கிடைக்காது. இடம் உடனே கிடைக்காம போகலாம், பேரைப் பதிஞ்சு வைக்கச் சொல்லுங்க, ஃபோன் நம்பர் ரெண்டு குடுங்க, ஏன்னா ஒரு நம்பர்ல சிக்னல் இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க.

இந்தப் பக்கத்தை பாக்குற ஸ்பெஷலிஸ்டுக்குப் பேர் ரூமட்டோலஜி அண்ட் ரிஹபிலிட்டேஷன் கொன்சல்டன்ட். மூட்டு வருத்தத்துக்குப் பாக்குற டொக்டர்தானேன்னு போகாம இருக்காதீங்க, ஸ்ட்ரோக் புனர்வாழ்வும் அவங்களதுதான். கண்டி, நுவரெலியா, பதுளை மாதிரி பெரிய ஆஸ்பத்திரில கிளினிக் நாள் கேட்டு ரிஃபரல் எடுங்க. வீட்டுக்கு வந்த பிறகு உங்களுக்குக் கிட்ட உள்ள ஆதார வைத்தியசாலைல ஃபிசியோ இருக்கான்னு விசாரிச்சு, ஒரு துண்டு வாங்கி அங்க மாத்திக்கலாம், டிக்கோயா பக்கம் உள்ளவங்களுக்கு கிளங்கன் ஆஸ்பத்திரி மாதிரி. கிளினிக் கொப்பியை பொலித்தீன்ல போட்டு வைங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு மை ஊறி எழுத்தே தெரியாமப் போயிரும்.

"இனி முன்னேற்றம் இல்ல"ன்னு சொல்லி கம்பெனி காசு நிறுத்திட்டாங்க. என்ன செய்றது?

எந்தப் பிரிவுப்படி நிறுத்துனீங்கன்னு எழுத்துல கேளுங்க. ஃபோன்ல பேசி கத்துறதுல ஒரு பிரயோசனமும் இல்ல.

பிறகு முன்னேற்றத்தை நம்பர்ல காட்டணும். "கொஞ்சம் பரவால்ல"ன்னு கொப்பில எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. 10 மீட்டர் நடக்க எத்தனை செக்கன், உக்காந்து எழும்ப ஒரு ஆளோட உதவி வேணுமா ரெண்டு ஆளா, சாப்பாடு, குளிப்பு, டொய்லெட் எல்லாம் பாத்து 100க்கு போடுற பார்த்தெல் ஸ்கோர் எவ்வளவு, இதை தெரபிஸ்ட்கிட்ட ஒவ்வொரு மாசமும் எழுதி வாங்குங்க. வீட்ல நீங்க கிழமைக்கு ஒரு தடவை அதே இடத்துல, அதே நாற்காலில இருந்து எழும்புற வீடியோ எடுத்து வைங்க. முக்கியமா, நிறுத்தினா என்ன ஆகும்னு டொக்டரை எழுதச் சொல்லுங்க: விழுந்து இடுப்பு உடையும், தோள்பட்டை இறுகும், படுக்கைப் புண் வரும்னு.

கம்பெனியோட முறைப்பாட்டுப் பிரிவுக்கு முதல்ல கடிதம், அவங்க கடைசிப் பதில் சரியில்லன்னா இன்ஷூரன்ஸ் ஒம்புட்ஸ்மன் (முறைப்பாட்டை விசாரிக்கிறவர்), இல்லாட்டி இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. இதுக்கு லோயர் தேவையில்ல. தமிழ்ல எழுதுங்க, அது உங்க உரிமை.

நெட்ல 'வருஷத்துக்கு இருபது விசிட்', 'தெரபி கேப்'னு எல்லாம் வருதே?

அதெல்லாம் அமெரிக்கக் கதை. அங்க வயசானவங்களுக்கு உள்ள மெடிகெயார்ங்கிற அரசாங்க இன்ஷூரன்ஸ்ல 1997 சட்டத்தால தெரபிக்கு உச்ச வரம்பு வந்துச்சு, 2018ல அதை எடுத்துட்டாங்க. இடைல 2013ல ஜிம்மோங்கிற வழக்கு சமரசத்துல முடிஞ்சு, ஆள் முன்னேறல, ஆனா இருக்குற நிலை கெடாம இருக்க தேர்ந்த ஆளோட தெரபி வேணும்னா அதுக்கும் காசு தரணும்னு தெளிவாச்சு. நம்ம ஊர் கம்பெனியை அந்தச் சமரசம் கட்டுப்படுத்தாது. ஆனா "கெடாம காப்பாத்துறதும் வைத்தியம்தான்"ங்கிற அந்த வாதத்தை உங்க டொக்டரோட கடிதத்துல போடச் சொல்றதுக்கு யாரும் தடை இல்ல.

வீட்லயே செய்யணும்னா என்ன செய்றது? நாங்களே ஃபிசியோ ஆயிரலாமா?

ஆக முடியாது. இந்தியாவுல 14 ஆஸ்பத்திரில 1250 பேரை வச்சு இதையே சோதிச்சுப் பாத்தாங்க, 2017ல முடிவு வந்துச்சு. குடும்பத்துக்குப் பயிற்சி குடுத்து வீட்லயே செய்ய வச்சதால ஆறாம் மாசம் பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியல. இதைக் கேட்டு மனசு உடைய வேணாம். குடும்பத்தை மட்டும் நம்பினா போதாதுங்கிறதுதான் நான் இதுல எடுத்துக்கிட்டது. திட்டம் போடுறது தெரபிஸ்ட், எண்ணிக்கையை ஏத்துறது வீடு, மாசத்துக்கு ஒரு தடவையாவது திரும்பக் காட்டித் திருத்திக்கணும்.

எங்க அம்மா முப்பது வருஷத்துக்கு மேல கொழுந்து எடுத்தவங்க. ஆஸ்பத்திரில குடுத்த ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னா முகத்தைத் திருப்பிக்குவாங்க. தங்கச்சி ஒரு நாள் வேலிப்பக்கம் இருந்து நாலு தேயிலைக் கிளையை ஒடிச்சு வாளில மண் போட்டு நட்டு, இஸ்தோப்புல அவங்க மடி உயரத்துக்கு ஸ்டூல்ல வச்சா. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் முதல்ல சேரவே இல்ல, நடுவிரல்தான் வந்து முட்டுச்சு, இலை கிழிஞ்சு பாதி கையோட வந்துச்சு. ஆனா அம்மா விடல, "இது முத்தல், இதை யாரு எடுக்கச் சொன்னா"ன்னு எங்களத்தான் ஏசினாங்க. பந்துக்கு பத்து தடவை கூட தாண்டாதவங்க வாளி மொட்டையாகிற வரைக்கும் செஞ்சாங்க. கிளினிக்ல சொன்னப்போ மிஸ் அதையே தொடரச் சொல்லி, தோளைத் தூக்காம முழங்கையை நீட்டி எடுக்கணும்னு மட்டும் திருத்தினாங்க. ஒரு ஆளுக்குப் பழகின வேலையை எடுத்து பயிற்சியாக்கிறது தெரபிஸ்ட்மாரும் செய்றதுதான். உங்க வீட்ல அவரவருக்கு என்ன வேலையோ அது: பட்டன், ரொட்டிமா பிசையுறது, பருப்புல கல்லு பொறுக்குறது, சில்லறை எண்ணுறது.

நோகாத கையைக் கட்டி வச்சு நோயான கையால மட்டும் வேலை செய்ய வைக்கிற முறை ஒண்ணு இருக்கு, அமெரிக்காவுல 222 பேரை வச்சு செஞ்சு 2006ல நல்ல பலன்னு வந்துச்சு, அதுவும் ஸ்ட்ரோக் வந்து 3 மாசத்துல இருந்து 9 மாசம் ஆனவங்களுக்கு. ஆனா மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது தானா விரியிற ஆளுக்குத்தான் சரி. தெரபிஸ்டைக் கேக்காம கட்டிராதீங்க, விழுந்தா பிடிக்கக் கை இருக்காது.

செய்யக் கூடாதது: சோர்ந்த கையைப் பிடிச்சு இழுத்து எழுப்புறது. தோள் மூட்டு கழண்டு வர்ற மாதிரி ஆகி அப்புறம் மாசக்கணக்குல வலி. இடுப்புல பிடிச்சு எழுப்புங்க, உக்காந்திருக்கும்போது கைக்குக் கீழ தலகாணி. லயத்துப் படி, வழுக்குற கான் ஓரம், வெளிய உள்ள கக்கூஸ், இதெல்லாம்தான் விழுற இடம், ராத்திரிக்காவது கொமோட் கதிரை வைங்க. குளிர்ல கைகால் விறைச்சுப் போய் இருக்கும், விடியக்காலைல தொடங்காம வெயில் கொஞ்சம் வந்த பிறகு செய்ங்க.

இன்னொன்னு, ஸ்ட்ரோக் வந்து முதல் 24 மணி நேரத்துக்குள்ளயே ஆளை எழுப்பி நிறைய நடக்க வைக்கிறது நல்லதில்லன்னு 2015ல வந்த பெரிய ஆய்வுல தெரிஞ்சுச்சு. எப்ப தொடங்குறதுன்னு வார்ட்ல சொல்லுவாங்க, அது வரைக்கும் பொறுங்க.

பேச்சு வரல. தண்ணி குடிச்சா இருமுறார்.

இருமல்தான் முதல்ல. விழுங்குறதுல கோளாறு இருந்தா சாப்பாடு நுரையீரலுக்குப் போய் நியூமோனியா வரும், அதுல போற ஆள் நிறைய. படுக்க வச்சு சாயத்தண்ணி ஊத்துறதை இன்னைக்கே நிறுத்துங்க. நிமிர்ந்து உக்கார வச்சு, சின்னக் கரண்டியால, ஒரு வாய் இறங்கின பிறகு அடுத்த வாய், சாப்பிட்டு அரை மணி நேரம் அப்படியே உக்கார வைங்க. ஸ்பீச் தெரபிஸ்ட் இதையும் பாப்பாங்க, தண்ணியைக் கெட்டியாக்கிக் குடுக்கணுமான்னு அவங்கதான் சொல்லணும்.

பேச்சுக்கு நமக்குள்ள பிரச்சினை, தமிழ் தெரிஞ்ச ஸ்பீச் தெரபிஸ்ட் கிடைக்கிறது கஷ்டம். சிங்களத்துல சொல்லிக் குடுத்தா அறுபது வயசு அம்மாவுக்கு எங்க வரும். அதனால முறையை அவங்ககிட்ட படிச்சுக்கிட்டு, சொல்லை நீங்க போடுங்க: வீட்டு ஆக்கள் படம், தேத்தண்ணி, மாத்திரை, கக்கூஸ், சாமிப் படம்னு ஃபோன்ல எடுத்து பிரிண்ட் போட்டு கார்டாக்குங்க. அவர் சொல்றதுக்குள்ள நீங்க சொல்லி முடிச்சுறாதீங்க. பேச்சு வராதவங்க சில பேருக்கு பஜனைப் பாட்டு வரும், பாட விடுங்க.

வெதமாத்தயாகிட்ட (நாட்டு வைத்தியர்கிட்ட) எண்ணெய் போடலாமா?

போடுறது உங்க விருப்பம், நானும் அம்மாவுக்குப் போட்டேன், உடம்பு இதமா இருந்துச்சு. ஆனா எண்ணெய் தேய்க்கிறது எண்ணிக்கைல சேராது, கையை அவங்களே அசைக்கணும். பிரஷர் மாத்திரையையும் ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற மாத்திரையையும் நிறுத்தச் சொல்ற ஆள்கிட்ட மட்டும் போகாதீங்க, ரெண்டாவது ஸ்ட்ரோக் வந்தா முதல் தெரபி எல்லாம் தண்ணில போன மாதிரிதான். பேண்டேஜை இறுக்கிக் கட்டுறதும் வேணாம்.

ஒண்ணும் செய்ய மாட்டேங்கிறார், சும்மா அழுறார்.

சோம்பேறின்னு ஏசாதீங்க. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வருது, மருந்து இருக்கு, கிளினிக்ல வெளிப்படையா சொல்லுங்க. காரணமே இல்லாம அழுறதும் சிரிக்கிறதும் மூளை பாதிப்பாலயே வரலாம். பாத்துக்கிற ஆளுக்கும் இதேதான், அது பெரும்பாலும் மருமகளா மகளா இருக்கும், கிழமைல ஒரு அரை நாள் வேற யாராவது பொறுப்பெடுங்க, ஆம்பளைங்களும்தான்.

பயிற்சியை எப்ப உடனே நிறுத்தணும்?

நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது, தலைசுத்து, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி சூடா இருக்குறது. முகம் புதுசா கோணினா, பேச்சு குழறினா, கை விழுந்தா 1990 சுவசெரிய ஆம்புலன்சுக்கு அடிங்க, இலவசம். மூளைல அடைச்ச ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி வழக்கமா நாலரை மணி நேரத்துக்குள்ளதான் போடலாம், ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுத்தான் போடுவாங்க, அதனால வாகனம் தேடி நேரத்தை விட்றாதீங்க. எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்ங்கிறதை எழுதி வச்சுக்கோங்க, முதல் கேள்வி அதுதான்.

ஒரு வருஷம் ஆச்சு. இனி பிரயோசனம் இருக்கா?

இருக்கு, ஆனா மெதுவா. முதல் மூணு மாச வேகம் வராது, ஆனா நடை, கை வேலை ரெண்டும் வருஷம் கழிச்சும் கூடுறவங்க இருக்காங்க. கை முறுக்கிக்கிட்டு விரல் உள்ளங்கைல குத்துற மாதிரி இறுகினா ரிஹபிலிட்டேஷன் கிளினிக்ல காட்டுங்க, சிம்பு மாதிரி வச்சுக் கட்டுற ஸ்பிளின்ட் இருக்கு, பொட்டொக்ஸ் ஊசியும் இருக்கு, அதுக்குப் பிறகு ஒரு கொஞ்ச காலம் தசை இளகி இருக்கும்போது தெரபியைக் கூட்டணும். விட்டுப் போன கிளினிக்குக்கு திரும்பப் போக வெக்கப்பட வேணாம், "ஏன் இவ்வளவு நாள் வரல"ன்னு ஏசினாலும் ஏசிட்டு பாப்பாங்க. இன்ஷூரன்ஸ் வருஷக் கணக்குல இருந்தா புதுப்பிக்கிற தேதியோட அந்த பத்து தடவையும் திரும்ப வரும், அந்தத் தேதியை கலண்டர்ல சிவப்பால குறிச்சு வைங்க.